நிழலில் படுத்த நாய் ஏன் மயங்கி விழுந்தது?

கேள்வி: டாக்டர் ஐயா, பஹாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டு நாய் மணிக்கு ஆறு வயது. பழுப்பு நிறம், நாட்டு நாய்தான். போன மார்ச் மாதம் ஒருநாள் காலையில் பேரனோடு நிரைக்குள் போய் ஓடி விளையாடியது. காட்டுப்பன்றி ஒன்றைத் துரத்திவிட்டு வந்தது என்று பேரன் சொன்னான். பன்னிரண்டு மணிக்கு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் செம்பனை நிழலில் கட்டிவிட்டோம். தட்டில் தண்ணீரும் இருந்தது. நடுவில் ஒரு பாட்டம் மழை பெய்து விட்டது. ஒரு மணி வாக்கில் பார்த்தால் நாய் கால் பின்னிக் கீழே விழுந்து கிடக்கிறது, வாயில் நுரை. பேரன் ஓடிப்போய்க் குழாயைத் திறந்து அதன் மேல் தண்ணீர் அடித்தான். பக்கத்து வீட்டு அண்ணன், முப்பது வருடம் பால்மரம் சீவியவர், ஓடிவந்து தடுத்தார். “சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும். ஈரத்துண்டைப் போர்த்து. வாயிலும் ஒன்றும் ஊற்றாதே” என்றார். கொஞ்சம் அவர் சொன்னபடி, கொஞ்சம் இவன் சொன்னபடி செய்து, டவுனில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். நாய் பிழைத்துக்கொண்டது. ஆனால் வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. வெயிலே படாமல் நிழலில் கிடந்த நாய்க்கு வெயில் எப்படித் தாக்கும்? இவர்கள் இருவரில் யார் செய்தது சரி?

பதில்: அம்மா, மணி எழுந்து நடமாடுகிறது என்பதில் எனக்கு முதலில் பெரிய சந்தோஷம். நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி போலத் தெரிகிறது. முதல் கேள்விக்கு ஒழுங்காக விடை கண்டுவிட்டால் இரண்டாவதற்குப் பாதி விடை தானாக வந்துவிடும். அதனால் பஞ்சாயத்துத் தீர்ப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். பேரனும் அண்ணனும் அதுவரை பொறுத்துக்கொள்ளட்டும்.

“வெயில் தாக்கிவிட்டது” என்று நாம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பேச்சிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. வெயில்தான் எதிரி என்றால் நிழல்தான் மருந்து. நிழலில் கட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று மனம் நிம்மதியாகிவிடும். ஆனால் நாயைச் சாய்ப்பது பெரும்பாலும் மேலிருந்து விழுகிற சூடு அல்ல. அதன் உடம்புக்குள்ளேயே பிறந்து, வெளியே போக வழியில்லாமல் தேங்கிப்போன சூடு. அடுப்பு எரிகிறது, புகைபோக்கி அடைத்துக்கொண்டது. மணிக்கு நடந்தது இதுதான்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம்மைவிட ஒன்றரை டிகிரி கூடுதல். அது 41 டிகிரியைத் தாண்டினால் மூளை, குடல், சிறுநீரகம் எல்லாம் கெடத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுமார் இரண்டு டிகிரிதான். ஆரோக்கியமான நாய்கூட ஒரு காலை ஓட்டத்தில் அந்த இடைவெளியைக் கடந்துவிடலாம். ஏனென்றால் தசை வேலை செய்யும்போது அது செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு சூடாகத்தான் முடிகிறது.

அந்தச் சூடு வெளியேற நான்கு வழிகள் உண்டு. குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்தால் தரைக்குப் போகும். காற்று வீசினால் காற்றோடு போகும். உடம்பைவிடக் குளிர்ந்த சுவரோ மரமோ சுற்றிலும் இருந்தால் கதிராகப் பரவிப் போகும். நான்காவது, நீர் ஆவியாகும்போது அது சூட்டைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். முதல் மூன்று வழிக்கும் ஒரே நிபந்தனை: சுற்றுப்புறம் நாயைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். காற்று 34, 35 டிகிரிக்கு வந்துவிட்டால் அந்த மூன்று கதவும் கிட்டத்தட்டச் சாத்திக்கொள்ளும். திறந்திருப்பது ஆவியாதல் என்ற நான்காவது கதவு மட்டும்தான்.

நமக்கு அந்தக் கதவு உடம்பு முழுக்க இருக்கிறது, வியர்வையாக. நாய்க்கு அப்படி இல்லை. நீர்த்த வியர்வை சுரக்கும் சுரப்பிகள் அதற்குப் பாதங்களின் மெத்தையில்தான் உள்ளன. சிமெண்டுத் தரையில் பயந்துபோன நாய் விட்டுச்செல்லும் ஈரத் தடம் அதனுடையதுதான். உடம்பைக் குளிர்விக்க அது போதாது. “நாய்க்கு நாக்கில் வியர்க்கும்” என்று சின்ன வயதில் எல்லோரும் கேட்டிருப்போம். நானும் லயத்து வாசலில் உட்கார்ந்து அப்படித்தான் நம்பினேன். நாக்கில் வியர்வைச் சுரப்பி கிடையாது. நாய் செய்வது வேறு வேலை, நாம் நினைப்பதைவிட நுட்பமான வேலை.

இரைக்கும் நாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் மூக்கு வழியாக இழுத்து வாய் வழியாக விடும். 1970-இல் கனுட் ஷ்மிட்-நீல்சனும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் இதை அளந்து காட்டினார்கள். நாசிக்குள் சுருள் சுருளாக மடிந்த ஈரச் சவ்வு இருக்கிறது. மூக்கின் பக்கவாட்டில் உள்ள ஒரு சுரப்பி, பக்கவாட்டு நாசிச் சுரப்பி என்று பெயர், சூடு ஏற ஏற அந்தச் சவ்வுக்கு நீர் இறைக்கிறது. காற்று அந்த ஈரத்தின் மேல் ஓடும்போது நீர் ஆவியாகிறது, சவ்வுக்கு அடியில் ஓடும் இரத்தம் குளிர்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சு விடும் நாய், இரைக்கும்போது 300 முறையைத் தாண்டும்.

இங்கே ஒரு நல்ல சந்தேகம் வரலாம். அவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினால் அந்த உழைப்பே சூட்டைக் கூட்டாதா? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் தாளம் தெரிந்து தள்ளினால் ஒரு விரல் போதும். தாளம் தப்பினால் இரண்டு கையாலும் முடியாது. நாயின் நெஞ்சுக்கூடும் நுரையீரலும் சுருள்வில் மாதிரி. அவற்றுக்கென்று ஒரு இயல்பான தாளம் உண்டு. நாய் அந்தத் தாளத்திலேயே இரைக்கிறது. அதனால் செலவு குறைவு, வரவு அதிகம்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டுக்கு ஒரே ஒரு பலவீனம். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் அது சரியாக வேலை செய்யாது.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1774-இல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும் நண்பர்களும் அடுப்பு வைத்துச் சூடேற்றிய ஓர் அறைக்குள் போய்ப் பரிசோதனை செய்தார்கள். ஒரு நாயையும், கால் பொசுங்காமல் இருக்க ஒரு கூடையில் உட்காரவைத்து, உள்ளே விட்டார்கள். அறையின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அதே அறைச் சூட்டில் வைத்த இறைச்சித் துண்டு வெந்துபோனது. நாயோ அரை மணி நேரம் இரைத்துக்கொண்டு இருந்துவிட்டு உயிரோடு வெளியே வந்தது. இன்று அப்படி ஒரு பரிசோதனையை யாரும் செய்யக் கூடாது, செய்யவும் விடமாட்டார்கள். ஆனால் அது சொல்லும் செய்தி பெரியது. அந்த அறைக் காற்று நன்றாக வறண்டிருந்தது. வறண்ட காற்றில் 100 டிகிரியை அரை மணி தாங்கிய அதே இனம், நம் தோட்டத்தில் 33 டிகிரி நிழலில் மயங்கி விழுகிறது.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. நாயின் வாயிலிருந்து 38 டிகிரியில் வெளியேறும் காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 46 கிராம் நீராவியைச் சுமக்க வல்லது. ராஜபாளையத்தில் ஒரு வறண்ட மத்தியானம் என்று வைத்துக்கொள்வோம்: 36 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 25 விழுக்காடு. ஒப்பு ஈரப்பதம் என்றால் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்ற அளவு. அந்தக் காற்று உள்ளே போகும்போது 10 கிராம் நீராவியோடு போகும். வெளியே வரும்போது இன்னும் 35, 36 கிராமை ஏற்றிக்கொண்டு வரும். நம் தோட்டத்தில், மழை விட்ட நேரத்தில், 33 டிகிரி, 75 விழுக்காடு என்றால் காற்று உள்ளே போகும்போதே 27 கிராம் சுமந்துகொண்டு போகிறது. மேலும் ஏற்ற இடம் 19 கிராமுக்குத்தான். வெப்பமானியில் மூன்று டிகிரி குறைவு. ஆனால் நாயின் ஒவ்வொரு மூச்சும் பாதி வேலைதான் செய்கிறது.

இப்போது செம்பனைக்கு அடியில் போய் நில்லுங்கள். வளர்ந்த மரங்களின் மட்டைகள் தலைக்கு மேல் கூரை போலக் கோத்திருக்கும். வெயிலை மறைக்கும், கூடவே காற்றையும் மறித்துவிடும். மழை விட்டதும் தரையிலிருந்தும் அடுக்கிவைத்த மட்டைகளிலிருந்தும் ஆவி கிளம்பும். அது போக வழியில்லை. நமக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பன்றி துரத்திய சூட்டோடு வந்த மணியை அந்த இடத்தில்தான் கட்டினீர்கள். நீங்கள் அன்போடுதான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நிழல் புதுச் சூட்டைத்தான் தடுத்தது, உள்ளே இருந்த சூட்டை வெளியே எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் மணி தன்னால் முடிந்தமட்டும் இரைத்துப் பார்த்திருக்கிறது.

பிரிட்டனில் 2016 முதல் 2018 வரை கால்நடை மருத்துவமனைகளுக்கு வந்த வெப்பப் பாதிப்புகளை எமிலி ஹால் குழுவினர் ஆராய்ந்தபோது, நான்கில் மூன்று பங்கு ஓட்டம், நடை, விளையாட்டு போன்ற உடலுழைப்பால் வந்தவை என்று தெரிந்தது. எல்லோரும் பயப்படும் ‘காரில் பூட்டிய நாய்’ நூற்றுக்கு ஐந்துதான். குளிர் நாட்டிலேயே இப்படி என்றால் நம் தோட்டத்தில் பன்றி துரத்தும் நாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்ன அடையாளத்தைக் கவனித்து வையுங்கள். 15 கிலோ நாயின் உடம்பில் ஒரு டிகிரியைக் குறைக்கச் சுமார் 22 மில்லி நீர், ஒன்றரை மேசைக்கரண்டி, ஆவியானால் போதும். அதே நீர் ஆவியாகாமல் சொட்டாகத் தரையில் விழுந்தால் பயன் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. நாக்கிலிருந்து எச்சில் கயிறு போலத் தொங்கிச் சொட்டுகிறது என்றால் நாய் நன்றாகக் குளிர்கிறது என்று பொருள் அல்ல. ஆவியாதல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ‘நிழலில் கிடந்தால் போதும்’ என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். அது தப்பான அனுபவம் அல்ல, வேறு காலத்து அனுபவம். பால்மரம் சீவப் போனவர்கள் இருட்டோடு கிளம்பினார்கள். பால் நன்றாக ஓடுவது குளிர்ந்த விடியலில் என்பதால் வேலையே அப்படி அமைந்தது. கூடப்போன நாயும் வெயில் ஏறுமுன் ஓடி முடித்து லயத்துக்குத் திரும்பிவிடும். அதற்கு மேல் அது கழுவித் துடைத்த சிமெண்டிலோ குழாயடி ஈரத்திலோ கட்டிப் போடாமல் தானே இடம் பார்த்துப் படுத்தது. செம்பனையில் பழம் வெட்டும் வேலை மத்தியானம் வரை நீள்கிறது, நாயும் அதுவரை கூடவே நிற்கிறது. அந்தப் பழைய ரப்பர் தோட்டத்திலும் ஒரு காலம் ஆபத்தானது: பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். ஆண்டிலேயே சூடு கூடிய நாட்களில்தான் நிழல் காணாமல் போகும்.

தமிழ்நாட்டு நாட்காட்டியை வைத்துக்கொண்டு ‘கத்திரி மே மாதம்தானே’ என்று இருந்துவிடக் கூடாது. பஹாவ் இருக்கும் நம் நெகிரி செம்பிலான் மாநிலம் பூமத்தியரேகைக்கு மிக அருகில் இருக்கிறது. இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவது மார்ச் கடைசி வாரத்தில் ஒருமுறை, செப்டம்பர் நடுவில் ஒருமுறை. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து காற்றே அசையாத நாட்களும் மார்ச், ஏப்ரலில்தான். இன்னொன்று: மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலைக்கு எச்சரிக்கை நிலை அறிவிப்பது தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 டிகிரியை எட்டினால். அந்த அளவு வெப்பத்தை மட்டும் பார்க்கிறது, ஈரத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை. ‘இன்றைக்கு எச்சரிக்கை இல்லை’ என்பது நாய்க்கு ஆபத்து இல்லை என்று பொருள்படாது.

இனித் தண்ணீர்ப் பஞ்சாயத்துக்கு வருவோம்.

சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் ஜன்னி வரும் என்பது நம்மவர்களின் நம்பிக்கை மட்டும் அல்ல. கால்நடை மருத்துவர்களும் நெடுங்காலம் கிட்டத்தட்ட அதையே சொன்னார்கள். குளிர்ந்த நீர் பட்டால் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும், சூடு உள்ளேயே அடைபடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. தோல் குழாய்கள் கொஞ்சம் சுருங்கினாலும் நீர் எடுத்துக்கொண்டு போகும் சூடு அதைவிடப் பல மடங்கு. வெப்பத்தாக்கால் விழுந்த ஓட்டக்காரர்களையும் போர்வீரர்களையும் குளிர்நீரில் அமிழ்த்துவதே முதல் சிகிச்சை என்று மனித மருத்துவம் ஏற்றுக்கொண்டது. நாய்களுக்கும் ‘முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ’ என்பதே இன்றைய விதி. ஓடிக் களைத்த பணிநாய்களைத் தாமாகவே தலையைத் தண்ணீரில் முக்கியெடுக்கப் பழக்கி, பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் அளந்து பார்த்தார்கள். 22 டிகிரி நீரில் தலையை முக்கிய நாய்கள்தான் மற்ற முறைகளைவிட வேகமாகக் குளிர்ந்தன.

நம் குழாய்த் தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சிகூட இல்லை. 28, 29 டிகிரி இருக்கலாம். 41 டிகிரியில் கொதிக்கும் நாய்க்கு அது பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சி, தாராளமாகப் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாயிலும் கூரைமேல் தொட்டியிலும் தேங்கிய நீர் கை சுடும். முதலில் வரும் சூட்டுத் தண்ணீரைத் தரையில் ஓடவிட்டு, கையில் குளிர்ச்சி தெரிந்த பிறகு நாயின் மேல் திருப்புங்கள்.

ஈரத்துண்டு போர்த்துவது மென்மையான வழியாகத் தெரிகிறது. அதனால்தான் எல்லோரும் அதைத் தேடிப் போகிறார்கள். பிரிட்டனின் அதே கணக்கில், மருத்துவரிடம் வரும் முன் குளிர்விக்கப்பட்ட நாய்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான்; குளிர்வித்த முறை பதிவான நாய்களிலும் பாதிக்கு ஈரத்துண்டையே பயன்படுத்தியிருந்தார்கள். துண்டு சில நிமிடங்களில் நாயின் சூட்டுக்கே வந்துவிடும். பிறகு அது காற்றை மறிக்கும் கம்பளிதான். தண்ணீர் உடம்பில் படவேண்டும், ஓடவேண்டும், அதன் மேல் காற்று அடிக்கவேண்டும். மேசை விசிறி இருந்தால் நல்லது; இல்லையென்றால் அட்டைப் பெட்டியைக் கிழித்து இரண்டு பேர் விசிறுங்கள். காய்ந்த நாயின் மேல் விசிறி மட்டும் போடுவதில் பெரிய பலன் இல்லை. நனைத்துவிட்டு விசிறினால் ஆவியாதல் என்ற அந்த நான்காவது கதவை நாமே அதன் தோல் முழுக்கத் திறந்துவிட்டதாக ஆகும். இளமையான, மற்றபடி நோயில்லாத நாயைக் குளியல் தொட்டியில் தலை மட்டும் வெளியே இருக்கும்படி பிடித்து அமிழ்த்தலாம். வயதான நாய்க்கும் இதயக் கோளாறு உள்ள நாய்க்கும் ஊற்றி விசிறுவதே நல்லது.

அண்ணன் வாயில் ஒன்றும் ஊற்றாதே என்று சொன்னாரே, அது பொன்னான சொல். தன்னினைவு இல்லாத நாயின் வாயில் நீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நினைவு தெளிந்து தானாகக் குடிக்க வந்தால் மட்டும் கிண்ணத்தை முன்னால் வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் பல தோட்டத்து வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். நாயின் உடம்பு சுடுகிறது என்று பனடோல் கொடுக்கிறார்கள். காய்ச்சலும் வெப்பத்தாக்கும் ஒன்றல்ல. காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. மாத்திரை அந்த அளவைக் கீழே இறக்கும். வெப்பத்தாக்கில் மூளை வைத்த அளவு சரியாகத்தான் இருக்கிறது, சூடுதான் வெளியே போகவில்லை. மாத்திரைக்கு அங்கே செய்ய வேலையே இல்லை. போதாததற்குப் பனடோலில் உள்ள பாராசிட்டமால் நாயின் ஈரலைக் கெடுக்கும். தயவுசெய்து கொடுக்க வேண்டாம்.

குளிர்விக்கும்போது வீட்டில் வெப்பமானி இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 39.5 டிகிரிக்கு வந்ததும் தண்ணீரை நிறுத்திவிடலாம். வெப்பமானி இல்லையென்றால் நாய் தலை தூக்கி, கண் தெளிந்து, மூச்சு நிதானமாகும் வரை. பிறகு ஈர உடம்போடேயே காரில் ஏற்றி, ஜன்னலைத் திறந்தோ ஏர்கோன் போட்டோ மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ‘எழுந்துவிட்டதே, இனி எதற்கு’ என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. சூடு தணிந்த பிறகும் குடலின் உள்சுவர் உரிவது, இரத்தம் உறையும் தன்மை கெடுவது, சிறுநீரகம் நின்றுபோவது ஆகியவை ஒன்று முதல் மூன்று நாட்களில் தலைகாட்டலாம். ஈறில் சிவப்புப் புள்ளி, இரத்தம் கலந்த பேதி, சிறுநீர் நின்றுபோவது ஆகியவை அதன் அறிகுறிகள். இஸ்ரேலில் 1999 முதல் 2004 வரை மருத்துவமனைக்கு வந்த 54 நாய்களை ஆராய்ந்தபோது, சரியாகப் பாதி இறந்துபோயிருந்தன. விழுந்து ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு வந்தவற்றுக்கு ஆபத்து கூடுதல். மணியை நீங்கள் தாமதிக்காமல் கொண்டுபோனது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.

இனி மணிக்கு இது மறுபடி வராமல் இருக்க என்ன செய்யலாம்? ஒருமுறை விழுந்த நாயிடம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓட்டமும் விளையாட்டும் விடியலில், எட்டரை மணிக்குள் முடியட்டும். பன்றி துரத்தும் நாயை நாம் கூப்பிட்டால் திரும்பாது என்பது உண்மை. அதனால் மார்ச், ஏப்ரல் பகல்களில் நிரைக்குள் அவிழ்த்துவிடாமல் இருப்பதே வழி. ஓடிவந்த நாயைக் கட்டுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை வயிறு, தொடை, கழுத்து நனைய ஊற்றிவிடுங்கள். மயங்கும் வரை காத்திருக்க வேண்டாம். இதைப் பேரனின் அன்றாட வேலையாகவே ஒப்படைத்துவிடலாம்.

கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிழலோடு காற்றையும் பாருங்கள். செம்பனைக்கு அடியில் இருப்பதைவிட, வீட்டின் அஞ்சடியில் காற்றோட்டமான மூலையில் சிமெண்டுத் தரை நல்லது. சங்கிலியில் கட்டிய நாயால் நிழல் நகர்ந்தால் கூடவே நகர முடியாது. பத்து மணிக்கு நிழலாக இருந்த இடம் மூன்று மணிக்கு நேர் வெயிலாகிவிடும். கிண்ணம் கவிழ்ந்தால் போய் வேறு இடத்தில் குடிக்கவும் முடியாது. தகரக் கொட்டில் வேண்டவே வேண்டாம். கட்டியாயிற்று என்றால் அதன் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு மட்டையோ அத்தாப்போ போடுங்கள், பக்கங்களைத் திறந்துவிடுங்கள். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் தன் பொறுப்பில் உள்ள பிராணிக்குத் தகுந்த இடமும் தேவையும் செய்துதருவதை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. கொடுமை என்று நிரூபணமானால் அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது.

நாய்கள் தாமே குளிர்ச்சி தேடிக் கால்வாயில் படுப்பதும் உண்டு. புத்திசாலித்தனம்தான்; ஆனால் எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது நாயிடமிருந்து வீட்டாருக்கும் வரும். ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுவிடுங்கள். அகலமான ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு விரல் ஆழம் சுத்தமான தண்ணீர் வைத்தால் கால்வாயை அது மறந்துவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மணி நீள மூக்குள்ள நாட்டு நாய். அதற்கே இந்தப் பாடு. சிரம்பான், நீலாய் பக்கம் இப்போது பக், புல்டாக், ஷிட்சு வளர்ப்பவர்கள் அதிகம். அவற்றின் மூக்கைச் சப்பையாக்கிய மனிதன் அந்தச் சுருள் சவ்வுக்கு இருந்த இடத்தையே குறைத்துவிட்டான். ஹஸ்கி போன்ற அடர்ந்த இரட்டை முடி நாய்களும் நம் ஈரக் காற்றுக்குப் பிறந்தவை அல்ல. உடம்பு பெருத்த நாய்க்கும் கிழ நாய்க்கும் இதே ஆபத்து. இவற்றுக்குப் பகலில் நடையே வேண்டாம்.

தீர்ப்பு இதுதான், அம்மா. தண்ணீர் அடித்த பேரன் செய்தது சரி. அடுத்த முறை இன்னும் அதிகமாக, விசிறியோடு சேர்த்து அடிக்கட்டும். வாயில் ஊற்றாதே என்று தடுத்த அண்ணன் சொன்னதும் சரி. ஈரத்துண்டை மட்டும் அவர் விட்டுவிடட்டும். மணியின் உயிர் இருவருடைய கையிலும்தான் இருந்தது. குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வாளியை நிரப்பி இன்றே வைத்துவிடுங்கள்.